ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

கடல்மீன் வளர்க்கும் ஒருவர் கடைக்குப் போய், "மீனுக்குக் கண் வீங்கியிருக்கு, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? பெரும்பாலும் அவர் கேட்பதில்லை. அலமாரியிலிருந்து ஒரு நீலச் சொட்டு மருந்தையோ மஞ்சள் பொடியையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மீன் பிழைத்தால் மருந்துக்குப் பெயர். செத்தால் மீனின் விதி.

அந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. கண் புடைப்பதும் கண் மங்குவதும் தனி நோய்கள் அல்ல. வேறு ஏதோ ஒன்றின் அறிகுறிகள். ஒரு கண்ணில் மட்டும் வந்தால் அநேகமாக அடிபட்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே சமயத்தில் வந்தால் கோளாறு மீனின் உடம்புக்குள் இருக்கிறது, அல்லது தண்ணீரில் இருக்கிறது. தொட்டியில் இரண்டு மூன்று மீன்களுக்கு ஒன்றாக வந்தால் தண்ணீரையோ ஒட்டுண்ணியையோ சந்தேகப்படலாம். விதிவிலக்குகள் உண்டு. ஒட்டுண்ணி ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும். அடிபட்ட கண்ணில் கிருமி நுழைந்து உடம்பெங்கும் பரவவும் செய்யும். ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது, என்ன தெரிகிறது என்று சரியாகப் பார்ப்பது. மீனின் கண் இயல்பிலேயே கொஞ்சம் துருத்தித்தான் இருக்கும். நம் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கை முன்பக்கத்துக் கருவிழிப்படலம் (கார்னியா) செய்கிறது. தண்ணீருக்குள் அந்தப் படலத்தால் ஒளியை வளைக்க முடியாது. அதனால் மீனின் லென்ஸ் முழு உருண்டையாகி, கண்மணிக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி இருக்கும். புதிதாக மீன் வாங்கியவர்கள் இதைப் பார்த்துவிட்டு வீக்கம் என்று பதறுவதுண்டு. தொட்டியின் மேலே நின்று, இரண்டு கண்களும் ஒரே அளவு வெளியே தள்ளியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கைப்பேசியின் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். வெண்மை மேற்பரப்பிலேயே படிந்திருந்தால் பழுது கருவிழிப்படலத்தில். மேற்பரப்பு பளிங்கு போலத் தெளிவாக இருந்து, கண்மணிக்கு உள்ளே மட்டும் வெண்ணிற உருண்டை தெரிந்தால் அது லென்ஸில் விழுந்த புரை. கண்ணுக்குள்ளேயோ விளிம்பிலோ வெள்ளிபோல் மின்னும் குமிழி தெரிந்தால் அது வாயு. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

ஒற்றைக் கண் மங்கலில் தொடங்கலாம். வீட்டுத் தொட்டிகளில் அடிக்கடி வருவது அதுதான்.

மீனுக்கு இமை கிடையாது. வலையின் முடிச்சு, பாறையின் விளிம்பு, சண்டைக்கார மீனின் வால்முள் எதுவானாலும் நேராகக் கண்ணில்தான் படும். நள்ளிரவில் திடீரென விளக்கைப் போட்டால் மிரண்டு பாறையில் மோதும் மீன்கள் பல. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் தெரியும் ஒற்றைக் கண் மங்கலுக்கு வலைதான் முதல் சந்தேக நபர். கீறல் சிறியதாக இருந்தாலும் கடல்மீனின் கண் சட்டென்று வெளுத்துவிடுவதற்குக் காரணம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல்மீனின் உடல்திரவத்தில் இருப்பது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் சுவராக நிற்பது மெல்லிய கருவிழிப்படலம். அது கீறப்பட்ட இடத்தில் உப்பும் நீரும் கட்டுப்பாடில்லாமல் இடம் மாறுகின்றன. படலத்தின் ஒழுங்கான அடுக்குகள் குலைந்து ஒளி ஊடுருவ முடியாமல் போகிறது. நாம் பார்க்கும் வெண்மை இதுதான். பெரும்பாலும் அதில் கிருமியே இல்லை.

ஆகவே மருந்தும் தேவையில்லை. தண்ணீரைச் சோதியுங்கள்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டியும் பிஎச் 8.1 முதல் 8.4 வரையும் இருக்கட்டும். தொட்டி நீரில் கால்வாசியை அதே வெப்பநிலையும் அதே உப்பும் உள்ள புதுநீரால் மாற்றுங்கள். துரத்துகிற மீன் இருந்தால் அடிபட்டதைவிட்டுத் துரத்துகிறதைப் பிடித்து வேறிடத்தில் போடுங்கள். தீனி நன்றாகக் கொடுங்கள். படலக் கீறல் சில நாட்களில் தெளியத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடுவதே வழக்கம். கண்ணின் பின்னால் இரத்தமோ நீரோ கட்டிப் புடைத்திருந்தால் இன்னும் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து, தினம் ஒருமுறை வலையை விட்டு மீனைப் பிடித்துப் பார்ப்பவர்கள்தான் மறு கண்ணையும் கெடுக்கிறார்கள். பிடித்தே ஆக வேண்டுமென்றால் வலை வேண்டாம்; ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் ஓட்டித் தண்ணீரோடு சேர்த்து எடுங்கள்.

மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தை மீன் கண்ணில் விடலாமா என்று கேட்பார்கள். விட்ட கையோடு தண்ணீரில் கரைந்து போய்விடும். அதைவிட ஆபத்து, வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது; புண்ணான படலம் ஆறுவதை அது தடுக்கும். புடைத்த கண்ணை ஊசியால் குத்தி நீர் எடுப்பது மயக்கமருந்து கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இங்கே எப்சம் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கிடைக்கும் மக்னீசியம் சல்ஃபேட்தான் அது. கண் புடைத்தால் இருபது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போடு என்பது மீன் வளர்ப்பவர்களிடம் வாய்வழியாக வரும் வைத்தியம். நன்னீர்த் தொட்டியில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சுமார் 15 கிராம். இருபது லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு முக்கால் கிராம். அந்த உப்பில் பத்தில் ஒரு பங்கே மக்னீசியம், அதாவது லிட்டருக்குச் சுமார் 75 மில்லிகிராம். கடல்நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 2,700 மில்லிகிராம் சல்ஃபேட்டும் இருக்கின்றன. போதாததற்கு, கடல்மீன் உடம்பில் நீர் வற்றாமலிருக்க ஓயாமல் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் பிராணி. பேதி உப்பைப் பிறந்த நாளிலிருந்து குடித்து வளர்ந்த மீனுக்கு இன்னும் ஒரு கரண்டி பெரிய மாற்றம் தராது. போட்டால் கெடுதல் இல்லை. ஆறியதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்பமாட்டேன். அடிபட்ட கண் தானாகவே ஆறும் என்பதால் இந்த உப்புக்கு இலவசமாகப் புகழ் சேர்ந்துவிட்டது.

இரண்டு கண்ணும் மங்கினால் பொறுமையாக உட்கார்ந்திருக்க முடியாது. முதலில் அம்மோனியா. புதிதாக அமைத்த தொட்டி, செத்து மறைவில் கிடக்கும் மீன், மின்வெட்டில் நின்றுபோன ஃபில்டர் எதிலிருந்தும் அது வரலாம். கடல்நீரின் பிஎச் அதிகம் என்பதால் அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு நன்னீரைவிடக் கூடுதல். அது செவுளையும் கண்ணையும் ஒரே நேரத்தில் எரிக்கும்.

தண்ணீர் சரியாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு கண்ணும் பனிமூட்டமாக இருக்கிறது, மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கிறது, தலையை உதறுகிறது என்றால் தட்டைப்புழுவை நினையுங்கள். நியோபெனிடீனியா என்ற பேரினம் இதில் பெயர்போனது. 1927-இல் மக்கல்லம் என்பவர் நியூயார்க் மீன் காட்சியகத்து மீன்களிலிருந்துதான் இதன் மெல்லெனி என்ற வகையை விவரித்தார். திறந்த கடலில் இந்தப் புழு மீனைச் சாகடிப்பது அபூர்வம். மூடிய தொட்டியில் முட்டை போட்டு முட்டை போட்டுப் பெருகி, கண்ணை அரித்துக் குருடாக்கும். ஏஞ்சல் மீன், வண்ணத்துப்பூச்சி மீன், டாங் வகைகள் எளிதில் அகப்படுகின்றன. புழு கண்ணாடி போல நிறமற்றது; உங்கள் மூக்குக்கு நேரே மீன் நின்றாலும் அதன் மேல் இருப்பது தெரியாது.

தெரிய வைக்கும் வழி நன்னீர்க் குளியல். ஒரே செயலில் சோதனையும் முதலுதவியும் ஆகிவிடுகிற அபூர்வமான முறை இது. கருநிற வாளி ஒன்றில் குளோரின் இல்லாத நன்னீர் எடுத்து, வெப்பநிலையைத் தொட்டி நீரோடு ஒன்றாக்குங்கள். சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து பிஎச்சை 8.2-க்கு அருகில் கொண்டுவாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் குளியலில் மீனை இழக்கிறார்கள். ஏர் பம்ப் ஓடட்டும். மீனை விட்டு ஐந்து நிமிடம், பக்கத்தைவிட்டு நகராமல் பாருங்கள். முதல் அரை நிமிடம் அது திகைத்துச் சாய்ந்து கிடக்கலாம், அது சகஜம். விடாமல் துள்ளினாலோ மூச்சு நின்றாற்போல் இருந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். புழு இருந்தால் நன்னீரில் ஊறி வெளுத்து, எள்ளைத் தூவியதுபோல வாளியின் அடியில் வந்து விழும். மிகவும் நலிந்துபோன, மூச்சு வாங்கும் மீனுக்கு இந்தக் குளியலைத் தராமல் இருப்பதே நல்லது.

எள் விழுந்துவிட்டது என்று மீனைப் பழைய தொட்டியிலேயே விட்டால் வேலை வீண். புழுவின் முட்டைகளில் பிசின் இழைகள் உண்டு. மணலிலும் வலையிலும் அவை சிக்கிக்கொண்டிருக்கும், வெப்பமான நீரில் ஒரு வாரத்துக்குள் பொரிக்கும். முட்டையைக் கொல்லும் மருந்து இல்லை. ஆகவே பிராசிகுவான்டல் என்ற புழுமருந்தை இரண்டு தடவை போட வேண்டும். லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வழக்கமான அளவு. முதல் தவணை வளர்ந்த புழுக்களுக்கு. ஒரு வாரம் கழித்து இரண்டாவது, இடையில் பொரித்தவை முட்டையிடுவதற்கு முன். இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது, போட்டபின் பிராணவாயு குறையும். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கால்நடை மருந்துக்கடையில் நாய்களுக்கான மாத்திரைகளில் பிராசிகுவான்டலோடு வேறு புழுமருந்துகளும் சேர்ந்திருக்கும். தனி பிராசிகுவான்டல் கிடைக்காவிட்டால் அதைப் பொடித்துப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். வெண்புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்தும் தட்டைப்புழுவை அசைக்காது. அது பவளத்தையும் இறாலையும்தான் கொல்லும்.

குமிழிக் கண் வீட்டில் அதிகம் வராது, பெரிய காட்சியகங்களில் வரும். ஆனாலும் காரணம் சுவாரசியமானது. மீனின் கண்ணுக்குப் பின்னால், விழித்திரைக்குப் பிராணவாயுவை அழுத்தி அனுப்புவதற்கென்றே ஓர் இரத்தக்குழாய் வலை இருக்கிறது. இரத்தத்தை அமிலமாக்கி, அதிலிருந்து வாயுவைப் பிழிந்தெடுக்கும் ஏற்பாடு. ஏற்கெனவே வாயு அழுத்தம் உயர்ந்திருக்கும் அந்த இடத்தில், தண்ணீரிலும் வாயு மிதமிஞ்சிக் கரைந்திருந்தால் குமிழி கட்டுவது முதலில் அங்கேதான். தண்ணீரில் வாயு மிஞ்சுவதற்கு வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. மோட்டார் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் மயிரிழை ஓட்டை விழுந்து, காற்று உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தத்தில் கரைவது ஒன்று. குளிர்ந்த நீரை அவசரமாகச் சூடாக்கி உடனே தொட்டியில் ஊற்றுவது இன்னொன்று. தொட்டி நீர் நுண்குமிழிகளால் பால்போல் தெரிந்தால் முதலில் குழாய் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். ஓட்டையை அடைத்து, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்தால் மிகை வாயு வெளியேறிவிடும். ஏற்கெனவே கட்டிய குமிழிக்கு மீன் மருத்துவர்கள் அசெட்டசோலமைடு கொடுக்கிறார்கள். மனிதர்களுக்குக் கண்ணழுத்த நோய்க்குத் தரும் அதே மருந்து. மீனில் அது அந்த வாயு பிழியும் ஏற்பாட்டையே மட்டுப்படுத்துகிறது. கடற்குதிரைகளில் இது அதிகம் பயன்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2001 முதல் கடற்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அந்தப் பகுதி நம் வாசகர்களுக்குத் தேவைப்படக் கூடாது.

ஆழத்திலிருந்து மீனை அவசரமாக மேலே கொண்டுவந்தாலும் உள்ளே வாயு விரிந்து கண்கள் பிதுங்கும். வாங்கும்போதே இரண்டு கண்ணும் பிதுங்கி, நேராக நீந்த முடியாமல் தவிக்கும் மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. தொட்டியில் பிறந்த மீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படி வளர்ப்பில் பிறந்த மீன் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம்.

கடைசியாகக் கிருமி. இரண்டு கண்ணும் புடைத்து, உடம்பில் செந்திட்டுகள், செதில் நிமிர்வு, தீனி மறுப்பு என்று சேர்ந்து வந்தால் உடம்புக்குள் பாக்டீரியா பரவியிருக்கிறது. கடல்மீனில் பெரும்பாலும் விப்ரியோ வகை. இங்கேதான் ஆன்டிபயாடிக் வேண்டும். இங்கேதான் அதைத் தவறாகப் போடுகிறார்கள். எளிதில் கிடைக்கிறதென்று டெட்ராசைக்ளின் மாத்திரையைத் தொட்டியில் கரைப்பார்கள். கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மீனுக்குள் போய்ச் சேருவது சொற்பம். நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகளை உணவு மீன், இறால் வளர்ப்பில் இந்தியா தடை செய்திருக்கிறது. கையில் தொடுகிறவருக்கும் அவை நல்லதல்ல. தண்ணீரில் கரைக்கிற எந்த ஆன்டிபயாடிக்கும் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைத் தாக்கக்கூடும். பவளமும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறையான லைவ் ராக்கும் உள்ள காட்சித் தொட்டியில் அதைக் கரைப்பது, நோயாளி ஒருவருக்காக ஊர்க் கிணற்றில் மருந்து கலப்பதற்குச் சமம். மீன் இன்னும் தின்கிறது என்றால் தீனியில் கலந்து கொடுப்பதே சிறந்த வழி, தின்னாவிட்டால் ஊசி. இரண்டுக்கும் அளவைச் சொல்ல மருத்துவர் வேண்டும். நாய், மாடு பார்க்கிற மருத்துவர்கள் மீன் என்றதும் சிரிக்கலாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மீன் நோயியல் படித்தவர்கள் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

தனித் தொட்டி ஒன்று இல்லாமல் இந்த வைத்தியம் எதுவும் நடக்காது. நாற்பது லிட்டர்த் தொட்டி போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், தெர்மாமீட்டர். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையிலேயே போட்டு வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் நல்ல பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். கோடையில் பிராணவாயுவைக் கவனியுங்கள். 25 டிகிரியில் கடல்நீர் தாங்கும் பிராணவாயு லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 30 டிகிரியில் அது ஆறைச் சற்றே தாண்டும். நம் ஊர் மே மாதத்தில், மருந்து கரைந்த சின்னத் தொட்டியில், நோயுற்ற மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

புரை விழுந்த லென்ஸைத் திரும்பத் தெளிய வைக்க வீட்டில் வழியில்லை. தடுக்க மட்டும் முடியும், அதில் தீனிக்குப் பங்கு உண்டு. 1990-களில் மாட்டு மூளை நோய் பயத்தில் சால்மன் தீனியிலிருந்து இரத்தத்தூளை நீக்கினார்கள். நார்வே பண்ணைகளில் மீன்களுக்குக் கண்புரை பெருகியது. இரத்தத்தூளோடு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் போய்விட்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்து, அதைச் சேர்த்தார்கள். ஒரே வகைத் தீனியை ஆண்டுக்கணக்கில் கொடுப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கண் போய்விட்டாலும் மீன் வாழும். குழி தோல் மூடி ஆறிவிடும். ஒற்றைக் கண் மீனுக்குத் தீனியை அதன் நல்ல கண் பக்கத்தில், தினமும் ஒரே இடத்தில் போடுங்கள். இரண்டும் தெரியாத மீன் மணத்தாலும் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டில் உணரும் அசைவாலும் தீனியைக் கண்டுபிடிக்கும். நீண்ட இடுக்கியில் மூக்குக்கு அருகே நீட்டினால் சீக்கிரம் பழகிவிடும். பாறைகளை இடம் மாற்றாமல் இருந்தால் போதும். ஆனால் வாரக்கணக்கில் கண் புடைத்தபடி, தின்றும் மெலிந்து, முதுகு கூனி, புண் வைக்கிற மீன் வேறு கதை. அது மீன் காசநோயாக இருக்கலாம். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற அந்தக் கிருமி கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதத் தோலிலும் ஆறாத புண் உண்டாக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். விரலில் ஆறாத முடிச்சு ஏற்பட்டு மருத்துவரிடம் போனால், வீட்டில் கடல்மீன் வளர்ப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.